யானைக்குட்டித் திரை

சித்ராதேவி செய்த தவறு ஒன்றே ஒன்றுதான். பேச ஆரம்பிக்கும் முன் திரையை இழுத்து மூடினாள்.

படித்த படிப்பு அப்படி. மதுரையில் சமூகப் பணிக்கான எம்.எஸ்.டபிள்யூ. படித்த இரண்டு வருஷமும் அதைத்தான் தலையில் ஏற்றியிருந்தார்கள். எதிரில் வந்து உட்காருகிறவர் மனம் திறந்து பேச வேண்டுமானால் வெளியே இருக்கும் கண்கள் மறைய வேண்டும்.

திருப்பூரை அடுத்த அருள்புரத்தில் அவள் வேலை பார்த்த ஏற்றுமதி பனியன் கம்பெனிக்குக் கொங்குமலர் நிட்ஸ் என்று பெயர். துணி வாங்கும் வெளிநாட்டு பையர், தொழிலாளர் நலனுக்கு ஒரு ஆள் போட்டே ஆக வேண்டும் என்று கறாராகச் சொன்னதால் போடப்பட்ட ஆள் அவள். வெல்ஃபேர் ஆபீஸர். கொடுத்த அறையில் மூன்று பக்கம் சுவர். நாலாவது பக்கம் முழுக்கக் கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப்புறம் செக்கிங் செக்ஷன். தைத்து வரும் துணியில் ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் இருக்கிறதா என்று நீள மேஜைகளில் விரித்துப் பார்க்கும் நூற்றுச் சொச்சம் பெண்கள். தலை நிமிர்ந்தால் நேரே அவள் அறைதான்.

"கண்ணாடிக்கு ஒரு கர்ட்டன் வேணுங்க" என்று சேர்ந்த வாரமே கேட்டாள்.

"எதுக்குங்க டீச்சர், மத்தியானம் தூங்கறதுக்கா?" என்றான் சின்ன முதலாளி அருண்குமார். கெட்ட பையன் இல்லை. அவனுக்கு எல்லாமே சிரிப்பு. ஆனாலும் துணி அனுப்பிவைத்தான். குழந்தைகளின் இரவு உடைக்காக அச்சடித்து, சாயம் சீராக ஏறவில்லை என்று பேல் பேலாக மூட்டை கட்டி ஒதுக்கிவைத்த துணி. வெள்ளையில் நீல யானைக்குட்டிகள்.

மாட்டினாள். ஆனால் மூடவில்லை. மூடும்படியான காரியம் எதுவும் வரவில்லை. நாலு மாதமாக அவள் வேலை முழுக்க வெளியேதான். சாப்பாட்டுக் கூடம், கை கழுவுகிற குழாயடி, கம்பெனி பஸ் நிற்கிற இடம். பெண்கள் டீச்சர் என்று கூப்பிடுவார்கள். சமூகப் பணியாளர் என்றால் என்ன தொழில் என்று அங்கே யாருக்கும் தெரியாது. தெரியும் என்றவர்களும், "எந்தக் கிளப்புங்க? வருசத்துக்கு ஒருக்கா நோட்டுப் புஸ்தகம் குடுத்துப் போட்டோ எடுத்துக்குவாங்களே, அவங்களா?" என்பார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை நதியா வந்தாள்.

கடைசி மேஜைப் பெண். உசிலம்பட்டிப் பக்கத்துக் குடும்பம். அப்பா காசிமாயனுக்குச் சாயப்பட்டறையில் வேலை.

"டீச்சர், தலைவலி மாத்திரை இருக்குமா?"

கொடுத்தாள். மாத்திரை கீழே விழுந்தது. நதியா அதை எடுக்கக் குனியவில்லை. அப்படியே நின்றாள்.

சித்ராதேவி எழுந்தாள். கதவைச் சாத்தினாள். திரையை இழுத்தாள். யானைக்குட்டிகள் வரிசையாக வந்து கண்ணாடியை மறைத்துக்கொண்டன.

நதியாவை உட்காரவைத்து, "யாரு?" என்றாள் மெதுவாக.

"கிட்டுசாமி சார்."

புரொடக்ஷன் மேனேஜர்.

"ஸ்டோர்ல ஸ்டாக் எண்ணணும், வான்னு கூப்புடுறாரு. போனா கதவச் சாத்திக்கிறாரு. மொதல்ல பேச்சு மட்டுந்தேன் இருந்துச்சு. இப்ப..." அவள் தன் மணிக்கட்டைத் தானே பிடித்துக்கொண்டாள். அதற்கு மேல் சொல்லத் தேவை இல்லை.

"புகார் எழுதலாமா?"

"அய்யோ!" நதியா எழுந்துவிட்டாள். "எங்கய்யாவுக்குத் தெரிஞ்சா ரெண்டுல ஒண்ணு. அந்தாள வெட்டிட்டு ஜெயிலுக்குப் போகும். இல்லாட்டி என்னய ஊருக்கு இழுத்துட்டுப் போயி மாமன் மகனுக்குக் கட்டி வச்சுரும். எனக்கு இந்த வேலை வேணும். அந்தாளு எங்கிட்ட வரக் கூடாது. எம்பேரு மட்டும் வெளிய வந்துறக் கூடாதுக்கா."

டீச்சர், அக்கா ஆகிவிட்டிருந்தாள்.

"வராது. உன் பேர் இந்த ரூமைத் தாண்டாது. நான் செய்யற தொழிலே அதுதான்."

சொல்லிவிட்டுத் திரையை விலக்கினாள்.

நூற்றுச் சொச்சம் தலைகள் சட்டென்று குனிந்தன. ஒரு தலை மட்டும் குனியவில்லை. செக்கிங் சூப்பர்வைசர் தெய்வாத்தாள். கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து இருக்கும் அம்மாள். ஷெட்டில் ஒரு ஈ பறந்தாலும் கிட்டுசாமியிடம் சொல்லிவிடுவாள் என்று பெயர். அவள் நதியாவைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். பிறகு நிதானமாகத் தன் மேஜைக்குத் திரும்பினாள்.

சித்ராதேவிக்கு அப்போதுதான் உறைத்தது.

நாலு மாதத்தில் ஒரே ஒரு தடவை மூடிய திரை. அதற்குள் போய் வந்தது ஒரே ஒரு பெண். சிக்கிக்கொண்ட ஒரு கண்டெய்னருக்காகக் கிட்டுசாமி தூத்துக்குடித் துறைமுகம் போயிருந்தார். செவ்வாய்க்கிழமை வருவார். புகார் என்ற வார்த்தை அவர் காதில் விழுந்தால் போதும், யார் என்று தேட வேண்டியதே இல்லை. தெய்வாத்தாளிடம் ஒரு கேள்வி கேட்டால் தீர்ந்தது.

பெயரைக் காப்பாற்றத்தான் மூடினாள். மூடியதே பெயரைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

* * *

புகார்க் கமிட்டி என்று ஒன்று நோட்டீஸ் போர்டில் இருந்தது. பையர் பார்ப்பதற்காக ஒட்டியது. அதில் மூன்றாவது பெயர் கிட்டுசாமி. எனவே சித்ராதேவி நேராகப் பெரிய முதலாளியிடம் போனாள்.

லிங்கசாமி மடத்துக்குளத்தில் கரும்பு போட்டுக்கொண்டிருந்தவர். பனியனுக்கு வந்து பதினைந்து வருஷம் ஆகியும் வேட்டியை விடவில்லை. முழுவதும் கேட்டார். குறுக்கே பேசவில்லை.

"பேரச் சொல்லுங்க டீச்சர். இப்பவே கூப்புட்டு விசாரிச்சுப் போடலாம்."

"பேர் சொல்ல முடியாதுங்கய்யா."

"பேரில்லாம வந்தா அது மொட்டைக் கடுதாசிங்க. கிட்டான் எனக்குப் பங்காளி. சிப்மெண்ட்டுன்னா சோறு தண்ணி பாக்க மாட்டான். ஆரோ ஒரு புள்ள சொல்லுச்சுன்னு அவன எப்புடீங்க நான் கேக்கறது?"

"ஒரு பொண்ணு மட்டும் இல்லைன்னா?"

லிங்கசாமி நிமிர்ந்தார். "இன்னும் இருக்காங்கறீங்களா?"

"தெரியாதுங்க. கேட்டாத்தான் தெரியும். ஒருத்தரை மட்டும் கேட்டா ஊருக்கே தெரிஞ்சுடும். எல்லாரையும் கேட்டா யாருக்கும் எதுவும் தெரியாது. அடுத்த மாசம் பையர் ஆடிட்டுக்கு ஆள் வருது. அவங்க எப்படியும் பொண்ணுங்களைத் தனியாக் கூப்பிட்டுக் கேப்பாங்க. அதுக்கு முன்னாடி நாமளே கேட்டுருவோம். செக்கிங்ல இருக்கற அத்தனை பேரையும். தனித்தனியா. திங்கட்கிழமை ஒரே நாள்ல."

"ஒரே நாள்லீங்களா? நீங்க ஒருத்தரு. புள்ளைங்க நூத்துக்கு மேல."

"ஆள் கூட்டிட்டு வர்றேங்க. எங்க சங்கத்துல இருந்து."

"சங்கமா?" அவர் முகம் மாறியது. "கொடி புடிச்சுட்டு கேட்டுல வந்து குந்திக்குவாங்களே, அந்தச் சங்கமுங்களா?"

"இல்லீங்க. டாக்டருங்களுக்கு ஒண்ணு இருக்குல்ல, வக்கீலுங்களுக்கு இருக்குல்ல, அந்த மாதிரி. எம்.எஸ்.டபிள்யூ. படிச்சு இதையே தொழிலாப் பண்றவங்க சங்கம். ஆனா ஒண்ணுங்க, கேட்டுட்டு என்ன சொல்றதுங்கறது எங்க முடிவு. நீங்க திருத்தக் கூடாது."

லிங்கசாமி சன்னல் பக்கம் திரும்பினார். "எனக்கும் ஒரு பொம்பளப் புள்ள இருக்குதுங்க. வர்ஷினி. கோயமுத்தூர்ல காலேஜ் போயிட்டிருக்குது." பிறகு, "சரி, கூட்டிட்டு வாங்க. ஒரு நாள்தான். சிப்மெண்ட் நிக்கக் கூடாது" என்றார்.

வெளியே வந்த பிறகுதான் சித்ராதேவிக்கு ஒன்று நினைவுக்கு வந்தது.

சங்கத்தின் போன மாதக் கூட்டத்துக்கு வந்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர்.

* * *

காதர்பேட்டையில் ஒரு மொத்த பனியன் கடைக்கு மேல் மாடி. படியெல்லாம் பேல்கள். பக்கவாட்டில் உடம்பைத் திருப்பிக்கொண்டுதான் ஏற வேண்டும். கீழே இந்தியில் பேரம் நடந்துகொண்டிருந்தது. மேலே, திருப்பூர் தொழில்முறை சமூகப் பணியாளர் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். அன்று அதிசயமாக ஏழு பேர்.

"அடடே, மொதலாளி வீட்டு ஆளுக வந்துருக்காக! ஃபேன் மட்டுந்தேன் இருக்கு. ஏசிக்குப் பழகுன ஒடம்பு, தாங்குமா?" என்றான் ஆரோக்கியராஜ்.

சங்கச் செயலாளர். குழந்தைத் தொழிலாளர்களை மீட்டுப் பள்ளியில் சேர்க்கும் தொண்டு நிறுவனத்தில் வேலை. சித்ராதேவி முன்பு அங்கே அவனோடுதான் வேலை பார்த்தாள். புராஜக்ட் முடிந்து வேலை போனபோது கம்பெனிக்குப் போனாள். அதை அவன் மன்னிக்கவில்லை. சங்கமே அப்படி இரண்டாகத்தான் உடைந்து கிடந்தது. தொண்டு நிறுவனக்காரர்களுக்குக் கம்பெனிக்காரர்கள் முதலாளியின் செல்லப்பிள்ளைகள். கம்பெனிக்காரர்களுக்கு அவர்கள், புராஜக்ட் முடிந்தால் காணாமல் போகிறவர்கள். மற்றபடி இரண்டு கட்சிக்கும் கஷ்டம் ஒன்றுதான். போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒரு பிள்ளைக்காகப் போனால், "நீ யாரு? எந்த டிபார்ட்மெண்ட்?" என்பார்கள். காட்ட அட்டை இல்லை. டாக்டர்களுக்கு இருப்பதுபோல் பதிவு செய்யக் கவுன்சில் இல்லை. கவுன்சில் வேண்டும் என்று மாதாமாதம் தீர்மானம் போடுவார்கள். தீர்மானம் மாடிப்படி இறங்கியதில்லை.

சித்ராதேவி உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னாள்.

"நாளைக்கு எனக்கு ஆள் வேணும். எட்டுப் பேராவது. பொம்பளைங்களா. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும். எங்க கம்பெனியில."

"எதுக்கு?"

"சொல்ல முடியாது."

"ஏனுங்க சித்ரா, பொண்ணு பாக்கப் போறதுன்னாக்கூட எதுக்குன்னு சொல்லித்தானுங்க கூட்டிட்டுப் போவாங்க" என்றாள் பொன்னாத்தாள். பல்லடம் ரோட்டில் வேறொரு கம்பெனியின் வெல்ஃபேர் ஆபீஸர். அவள் சிரித்தால் மற்றவர்களும் சிரித்துவிடுவார்கள். சிரித்தார்கள்.

பொருளாளர் பாண்டித்துரை சிரிக்கவில்லை. "பின்னாடி பையர் ஆடிட் வரும். சங்கமே வந்து பாத்துச்சு, எல்லாம் சுத்தம்னு மொதலாளி சொல்லிக்குவாரு. நம்ம பேர வச்சுக் கம்பெனிக்கு வெள்ளையடிக்கணுமா? சங்கப் பதிவையே நாம இன்னும் புதுப்பிக்கல."

"என்ன சொல்றதுங்கறது நம்ம முடிவு. அதைக் கேட்டு வாங்கிட்டுத்தான் வந்துருக்கேன்."

"அப்ப என்ன விஷயம்னு எங்களுக்காவது சொல்லு" என்றான் பாண்டித்துரை.

சித்ராதேவி யோசித்தாள். நதியாவின் பெயரைச் சொல்ல வேண்டாம். ஒரு பெண் என்று சொன்னால் போதும். ஆனால் அந்த மாடியில் இருக்கும் ஏழு பேரில் மூன்று பேர் கம்பெனிகளில் வேலை பார்க்கிறவர்கள். அருள்புரத்தில் ஒருத்தி என்று ஒரு சொல் விழுந்தால் மாலைக்குள் எங்கெங்கோ போய்விடும்.

ஆரோக்கியராஜ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கிண்டல் முகம் எப்போது கழன்றது என்று தெரியவில்லை.

"ஒரு பேரக் காப்பாத்தணுமா?" என்றான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"பதில் சொல்லிறாத. சொன்னீன்னா சங்கத்துல இருந்து தூக்கிருவேன்." போனை எடுத்தான். "பாண்டி, நீ கம்பெனி ஆளுகளக் கூப்புடு, நான் நம்ம தொண்டு நிறுவன ஆளுகளக் கூப்புடுறேன். எதுக்குன்னு யாரும் கேக்கக் கூடாது. கேக்குறவுகளுக்கு இங்க இடமில்ல."

தொண்டு நிறுவனப் பெண்களுக்கு நேரம் மாற்றினால் போதும். கம்பெனிகளில் இருந்தவர்களுக்குத்தான் லீவு வேண்டும். வேறொரு கம்பெனிக்குள் போய் உட்காருகிறேன் என்று எந்த முதலாளியிடம் சொல்ல முடியும்? ஒருத்தி வளைகாப்பு என்றாள். இன்னொருத்தி பழனி மொட்டை என்றாள். பொன்னாத்தாள் அங்கேயே போனில், "சார், எங்க மாமியாருக்குக் கண் ஆபரேசனுங்க" என்று கம்மிய குரலில் சொல்லிவிட்டு, போனை வைத்ததும், "கிழவிக்குக் கண்ணு கழுகு மாதிரி" என்றாள்.

* * *

திங்கட்கிழமை காலை. ஒன்பது பெண்கள் கேட்டுக்குள் நுழைந்தார்கள். கூடவே ஆரோக்கியராஜும் பாண்டித்துரையும்.

பேக்கிங் ஹாலைக் காலி செய்து கொடுத்திருந்தார்கள். பாண்டித்துரை அந்த ஒதுக்கிய துணிப் பேலைப் பிரித்தான். நூல்கயிறு கட்டி, துணியைக் குறுக்கும் நெடுக்குமாகத் தொங்கவிட்டான். ஒன்பது சின்னச் சின்ன அறைகள். சித்ராதேவியின் அறையோடு பத்து. எங்கே திரும்பினாலும் நீல யானைக்குட்டிகள்.

"ரெண்டே ரெண்டு விஷயம்" என்றாள் சித்ராதேவி. "ஒண்ணு, எல்லாருக்கும் ஒரே நேரம். பேச ஒண்ணுமில்லைன்னு சொன்னாலும் எழுப்பி அனுப்பிறாதீங்க. சினிமாக் கதையாவது பேசுங்க. சீக்கிரம் வந்தவ யாரு, அழுதுட்டு லேட்டா வந்தவ யாருன்னு வெளியே தெரியக் கூடாது. ரெண்டு, வெளியே வரும்போது எல்லாரும் முகம் கழுவிட்டுத்தான் போகணும். அழுதவங்களும், அழாதவங்களும்."

பிறகு செக்கிங் செக்ஷனில் போய் நின்று சத்தமாகச் சொன்னாள். "கடைசி மேஜையில வெள்ளிக்கிழமையே ஆரம்பிச்சாச்சு. மீதி இருக்கற எல்லாரும் இன்னிக்கு வரிசையா வாங்க. தண்ணி, சாப்பாடு, பாத்ரூம், மேலே இருக்கறவங்க பேசற பேச்சு, எது வேணாலும் சொல்லலாம். பேர் யாரும் கேக்க மாட்டாங்க."

அதில் பொய் ஒரு வார்த்தை இல்லை. கடைசி மேஜையில் நதியா தலை குனிந்து துணியைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

திரைகள் மூடின. திறந்தன. மூடின. பாத்ரூமில் தாழ்ப்பாள் இல்லை என்றார்கள். சோற்றில் கல் என்றார்கள். ஒருத்தி, "சொல்றதுக்கு ஒண்ணுமில்ல டீச்சர், இப்படியே கொஞ்ச நேரம் உக்காந்துக்கறேன்" என்று சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். வேறு சில திரைகளுக்குள் குரல் தாழ்ந்தது. குழாயடியில் எல்லோரும் முகம் கழுவினார்கள். எல்லா முகமும் ஈரம்.

மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால், செவ்வாய்க்கிழமை வர வேண்டிய ஆள் ஹால் வாசலில் நின்றார்.

"வணக்கமுங்க டீச்சர்." கிட்டுசாமி கை கூப்பினார். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. புன்னகை. "என்னுங்க இது, நாலு நாள் நான் இல்லீன்னா சர்க்கஸ் கூடாரம் போட்டுட்டீங்க?"

"முதலாளி சொல்லித்தாங்க. ஆடிட்டுக்கு முன்னாடி எல்லார்கிட்டயும் கேட்டு வெச்சுக்கறோம்."

"நல்லதுங்க. ரொம்ப நல்லதுங்க." அவர் கண் ஒவ்வொரு திரையாகப் போனது. குரல் இன்னும் மரியாதையானது. "கேளுங்க டீச்சர். ஆனா வேலைக்கு வந்த புள்ளைங்க, நாளைக்கும் இதே கம்பெனிக்குத்தானுங்க வரோணும். அதையும் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க."

திரைகளுக்குள் பேச்சு நின்றுபோனது.

அப்போது ஒரு திரை விலகியது. பொன்னாத்தாள் உட்கார்ந்திருந்த திரை. உள்ளேயிருந்து தெய்வாத்தாள் வந்தாள். சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு குழாயடிக்கு நடந்தாள்.

"ஏனுங்கக்கா" என்று கிட்டுசாமி கூப்பிட்டார். "நான் இல்லாதப்ப இந்தக் கர்ட்டனுக்குள்ள மொத மொதப் போனது ஆருங்க?"

சித்ராதேவியின் கை பக்கத்தில் இருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டது. ஒரு பெயர். மூன்று எழுத்து. சொல்லிவிட்டால் முடிந்தது.

தெய்வாத்தாள் குழாயைத் திறந்தாள். முகம் கழுவினாள். நிதானமாகக் கழுவினாள்.

"மொதப் போனது, கடசியாப் போனதுன்னு ஆரு தம்பி பாத்துட்டிருந்தாங்க? அல்லாருந்தான் போறாங்க. நானுந்தான் போனேன்."

"நீங்களுமா?" கிட்டுசாமியின் புன்னகை கொஞ்சம் நகர்ந்தது. "நீங்க என்னத்தச் சொன்னீங்க?"

"உள்ள சொன்னத வெளிய சொல்லக் கூடாதுன்னு டீச்சர் சொல்லியிருக்காங்க." குழாயை மூடினாள். "பதினஞ்சு வருசமா ஆரும் என்னைய ஒண்ணுமே கேக்கல. இன்னிக்குக் கேட்டாங்க. சொன்னேன்."

அவள் என்ன சொன்னாள் என்று பொன்னாத்தாளுக்கு மட்டுமே தெரியும். சித்ராதேவி கேட்கவில்லை. பொன்னாத்தாளும் சொல்லவில்லை.

* * *

கிட்டுசாமி போன திசையையே சித்ராதேவி பார்த்துக்கொண்டிருந்தபோது வாட்ச்மேன் ஓடி வந்தார்.

"டீச்சர், கேட்டுல ஒரு ஆளு சத்தம் போடறானுங்க. கடைசி மேஜைப் புள்ளையோட அப்பனாமா."

இதை அவள் எதிர்பார்க்கவில்லை.

கேட்டில் காசிமாயன். முழங்கை வரைக்கும் சாயப்பட்டறை நீலம். பக்கத்து வீட்டுப் பெண்ணும் இதே செக்கிங்கில்தான் இருந்தாள். அவள் சொன்ன பேச்சு டீக்கடைக்குப் போய், அங்கே யாரோ இவரிடம் சொல்லியிருக்கிறார்கள், உன் மகளைத் தனியாக ரூமுக்குள் கூப்பிட்டு மூடிக்கொண்டார்கள் என்று.

"எம்புள்ளய ரூமுக்குள்ள போட்டு என்னத்த விசாரிச்சீக? திருடிட்டாளா? சொல்லுங்க! நாங்க பொழைக்க வந்தவகதேன், களவாணிக இல்ல!"

பனியன் கம்பெனியில் தனி அறைக்குக் கூப்பிட்டால் அது திருட்டு விசாரணை. அவருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். சித்ராதேவி பேசப் போனாள். ஆரோக்கியராஜ் கையைக் காட்டி நிறுத்தினான். பிறகு போய், காசிமாயனின் தோளில் கை போட்டான்.

"அண்ணே, எந்த ஊரு? உசிலம்பட்டியா? நான் ஆண்டிபட்டிண்ணே. உள்ள வாங்க. நீங்களே பாருங்க."

பேக்கிங் ஹால் வாசலில் காசிமாயன் நின்றார். யானைக்குட்டிகள். வரிசையில் பெண்கள். போகிறவர்கள், வருகிறவர்கள், முகம் கழுவுகிறவர்கள்.

"இம்புட்டுப் பேருமா திருடிட்டாக?"

வரிசையில் நின்ற பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். காசிமாயனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"யாரும் திருடலண்ணே. வேலை பாக்குற எடத்துல என்ன கஷ்டம், மேல இருக்குறவுக மருவாதையா நடத்துறாகளான்னு எல்லார்கிட்டயும் கேக்குறோம்."

"அதக் கேக்குறதுக்குன்னு படிச்ச ஆளுக இருக்கீகளா?"

"இருக்கோம்ணே. இத்தனை பேரு இருக்கோம்."

காசிமாயன் தன் நீலக் கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "எங்க பட்டறைக்கெல்லாம் வரமாட்டீகளோ? அங்கயும் கேக்க நாதியில்ல."

ஆரோக்கியராஜ் அந்தக் கைகளைப் பார்த்தான். "வர்றோம்ணே" என்றான்.

கடைசி மேஜைப் பக்கம் காசிமாயன் போகவே இல்லை. தூரத்திலிருந்து மகளின் தலையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பட்டறைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார்.

* * *

சாயங்காலம் லிங்கசாமியின் அறையில் சித்ராதேவியும் ஒன்பது பெண்களும் நின்றார்கள். உட்காரச் சொல்லி நாற்காலி போதாமல், அவரும் எழுந்து நின்றார்.

"தாழ்ப்பாள், சோறு, அதெல்லாம் அப்புறம் சொல்றோங்க" என்றாள் சித்ராதேவி. "நீங்க கேட்ட விஷயம். ஒருத்தர் இல்லீங்க."

"எத்தன பேரு?"

"ஒரு கை விரல் பத்தாதுங்க. ஒருத்தர் சொன்னது இன்னொருத்தருக்குத் தெரியாது. கேட்டவங்களும் வேற வேற. எல்லாரும் சொன்ன ஆள் ஒரே ஆள். சொன்ன எடம் ஒரே எடம். ஸ்டோர்."

லிங்கசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை. போனை எடுத்தார்.

"கிட்டா, நாளையிலிருந்து நீ நம்ம காதர்பேட்டைக் கடையில குந்திக்க. கம்பெனி கேட்டுக்குள்ள கால வெக்காத. எதுக்குன்னு கேக்காத. கேட்டீன்னா ஊர்ல நாலு பெரியவங்களக் கூட்டி வெச்சுச் சொல்ல வேண்டி வரும்."

"இது போதாதுங்கய்யா" என்றாள் சித்ராதேவி.

"தெரியுமுங்க." அவர் குரல் இறங்கியிருந்தது. "ஆராவது ஒரு புள்ள தைரியமாப் பேரு குடுக்கட்டும். ஸ்டேசனுக்கு நானே கூட வாரனுங்க."

யாரும் கொடுக்கவில்லை. அடுத்த வாரமும் கொடுக்கவில்லை. கொடு என்று சொல்லும் உரிமை தனக்கு இல்லை என்று சித்ராதேவிக்குத் தெரியும். அது அவளுக்கு வலித்தது. நோட்டீஸ் போர்டில் மூன்றாவது பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டு தெய்வாத்தாள் என்று எழுதினார்கள். ஸ்டோர் கதவைக் கழற்றிவிட்டுக் கம்பிக் கதவு போட்டார்கள்.

* * *

சில வாரங்கள் போயிருக்கும். வேலை விடும் நேரம். சித்ராதேவி கேட்டருகில் நின்றிருந்தபோது போன் அடித்தது. பொன்னாத்தாள்.

"ஏனுங்க சித்ரா, என்னைய வேலைய விட்டு நிறுத்திட்டாங்க."

"என்னாச்சு?"

"உங்க மொதலாளி ஒரு கல்யாண ஊட்டுல எங்க மொதலாளிகிட்டப் பெருமை பேசியிருக்காரு. சங்கத்துல இருந்து வந்தாங்க, அருமையாப் பண்ணுனாங்க, உங்க ஆபீஸரம்மாகூட வந்தாங்கன்னு. இவரு என்னையக் கூப்புட்டு, அன்னிக்கு மாமியாருக்குக் கண் ஆபரேசன்னு சொன்னயேன்னாரு. ஆமாங்கன்னு வாய மூடல, நான் மறந்துட்டு வந்த சாப்பாட்டுத் தூக்கை எடுத்துட்டு எங்க மாமியாரே வந்து நிக்குது. மொபட்டுல. தானே ஓட்டிட்டு."

சித்ராதேவி சிரித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "என்னாலதானே..."

"அட சும்மா இருங்க. எதுக்குன்னு கேக்காமத்தானே வந்தோம்? இப்பவும் கேக்க மாட்டேன். ஞாயித்துக்கிழமை என் விஷயந்தான் மீட்டிங்காமா. உங்க மொதலாளியையே எங்க மொதலாளிகிட்டப் பேச வெக்கோணும்ங்கறாரு ஆரோக்கியராஜ். நாற்காலி பத்தாதாட்ட இருக்குது. இருபது பேருக்கு மேல வர்றோம்னு சொல்லியிருக்காங்க. அந்தச் சாயப்பட்டறை அண்ணன்கூட நாலு பேரக் கூட்டிட்டு வாராராமா."

"நான் டீக்கடையில பெஞ்சு கேட்டு வாங்கிட்டு வர்றேன். அய்யாகிட்டயும் நாளைக்கே பேசறேன்."

போனை வைத்தாள். சங்கு ஊதியது. கேட் திறந்து பெண்கள் அலையாக வெளியே வந்தார்கள். சாலைக்கு அந்தப்புறம் காசிமாயன் சைக்கிளோடு நின்றிருந்தார். சித்ராதேவியைப் பார்த்து, "வணக்கம் டீச்சர்" என்று நீலக் கையைத் தூக்கினார்.

நதியா கூட்டத்தோடு கூட்டமாக வந்தாள். தோழி ஏதோ சொன்னதற்குச் சத்தமாகச் சிரித்தாள். சித்ராதேவியைத் தாண்டும்போது, பேருக்குக்கூட ஒரு பார்வை இல்லை. மற்ற பெண்களைப் போலவே போனாள். சைக்கிள் கேரியரில் ஏறி உட்கார்ந்தாள். வளைவு திரும்பும் வரை திரும்பிப் பார்க்கவில்லை.

சித்ராதேவி அறைக்குத் திரும்பினாள். திரை பாதி மூடியிருந்தது. மதியம் யாரோ வந்து பேசிவிட்டுப் போனது. இப்போதெல்லாம் தினமும் நாலைந்து தடவை மூடுகிறது. வெளியே யாரும் தலை நிமிர்வதில்லை.